கதவு மூடும் மாதங்கள்

சுற்றுலாத் திட்டம் தயாரிக்கும் தொழிலில் முதலில் கைக்கு வருவது பணி வரையறை என்ற ஆவணம். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதியில் இருக்கும் சில ஊராட்சிகளுக்காக எங்கள் குழுவிடம் வந்த ஆவணத்தின் தலைப்பில் ‘நீடித்த சுற்றுலா வளர்ச்சி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே புரட்டினால் படகுத்துறைகள், காட்சிக் கோபுரம், அலங்கார விளக்குகள், கல் பாவிய நடைபாதை. கோபுரத்துக்கு உயரம் வரைக்கும் குறித்திருந்தார்கள். காயல் எத்தனை காலம் நீடிக்கும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நான் நகரமைப்புப் படித்தவன். எங்கள் படிப்பில் நிலம் அசையாமல் கிடக்கும். குடியிருப்புக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை என்று நிறம் தீட்டிவிட்டு மற்றதைப் பேசலாம். அந்தக் காயலை ஒட்டிய குட்டநாட்டில் அந்தப் பழக்கம் செல்லவில்லை. ஜனவரியில் பச்சை தீட்டிய இடம் ஜூலையில் நீலமாகிவிடும். அங்கே வயல்கள் கடல்மட்டத்துக்குக் கீழே, சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் தாழ்வாகக் கிடக்கின்றன. சுற்றிலும் வரப்பு எழுப்பி, உள்ளே நிற்கும் நீரைப் பம்பு வைத்து இறைத்து வெளியேற்றிய பிறகே விதைக்கிறார்கள். இந்த வேளாண்முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2013-இல் உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. வரப்பைக் காப்பது, இறைப்பது, விதைப்பது எல்லாம் பாடசேகரம் என்ற வயல் கூட்டமைப்பின் கூட்டு முடிவு. வீடுகளும் அதே வரப்பின் மேல்தான் வரிசையாக இருக்கின்றன. படகிலிருந்து பார்ப்பவருக்கு அழகான கரையாகத் தெரிவது அங்குள்ளவருக்கு வாசல், கொல்லை, சாலை, வெள்ளத் தடுப்பு எல்லாமே.

இந்த வட்டாரத்தின் முழுக் கணக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையில் இருக்கிறது என்று புரிந்துகொண்ட பிறகுதான் வேலை பிடிபட்டது. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆறுகள் காயலின் தென்பகுதியில் வந்து சேர்கின்றன; வடபகுதி கொச்சியில் கடலைத் தொடுகிறது. இரண்டுக்கும் நடுவே, காயலின் குறுக்கே, ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் இந்தத் தடுப்பணை நிற்கிறது. 1970-களில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்று வரத்து குறையும் காலத்தில் கடலின் உப்பு ஏறி நெல்லைக் கெடுத்துவிடாமல் இருக்க, டிசம்பர் நடுவில் கதவுகளை இறக்குவார்கள். மார்ச் நடுவில் ஏற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. விதைப்பு பிந்தினால் அறுவடையும் பிந்தும். கதவு ஏப்ரல் வரைக்கும் கீழேயே இருக்கும். நெல் விவசாயிக்கு அது பாதுகாப்பு. மீனவருக்கு அது பட்டினிக் காலம். உப்பும் நன்னீரும் கலந்தால்தான் பெருகும் கறுப்பு மட்டிக்கு அது போதாத காலம். எப்போது திறப்பது என்று ஆண்டுதோறும் வழக்காடுகிறார்கள், இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

இந்த வழக்கில் சுற்றுலாவை யாரும் ஒரு தரப்பாகச் சேர்த்ததில்லை. ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் குறுக்கே எழுதி, கீழே தடுப்பணை, நெல், மீன், வெள்ளம், படகு வீடு என்று வரிசை போட்டு நிரப்பிப் பார்த்தேன். படகு வீடுகளுக்குக் கூட்டம் நெரிகிற பருவம் நவம்பர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி முடிய. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் உச்சம். கதவுகள் இறங்கியிருப்பதும் அதே வாரங்களில்தான். கடல் ஓதத்தின் ஏற்றமும் இறக்கமும் நின்றுபோய், கழுவிவிட ஆளில்லாத நீரில்தான் ஆண்டின் மிக அதிகமான கழிவு வந்து விழுகிறது. ஆகாயத்தாமரையும் அந்த நாட்களில்தான் உப்பின் தொல்லை இல்லாமல் தென்பகுதி முழுக்கப் பரவுகிறது.

தாங்குதிறன் என்று எங்கள் தொழிலில் ஒரு சொல் புழங்குகிறது. இத்தனை படகு தாங்கும் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அந்த எண்ணை வைத்து உரிமம் கொடுக்கலாம், மறுக்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் ஆகஸ்டில் ஆறுகள் பெருக்கெடுத்து வரும்போது இதே காயல் தாங்குவதையும் ஜனவரியில் தாங்குவதையும் ஒரே எண்ணில் எப்படி எழுதுவது? மாதத்துக்கு ஓர் எண் வேண்டும் என்று வாதாடினேன். நிர்வாகத்துக்கு அது தலைவலி என்றார்கள். தலைவலிதான், மறுக்கவில்லை.

கழிவு எங்கே போகிறது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. படகுகளில் கழிவுத் தொட்டி கட்டாயம். நிறைந்தால் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. விதியை மீறுகிறார்கள் என்று எல்லாக் கூட்டங்களிலும் புகார் வந்தது. ஒரு படகின் ஸ்ராங்கோடு, அதாவது சுக்கான் பிடிப்பவரோடு, காலையில் துறையில் நின்றபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. இரவு தங்கிய விருந்தினர் ஒன்பது மணிக்கு இறங்கினார்கள். அடுத்த விருந்தினர் பன்னிரண்டுக்கு ஏறுவார்கள். நடுவில் மூன்று மணி நேரம். அதற்குள் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும், மீனும் காய்கறியும் ஐஸும் ஏற்ற வேண்டும், நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும், டீசல் போட வேண்டும். பின்புறப் பலகையைத் தூக்கித் தொட்டியைக் காட்டினார். மூடியின் ஓரம்வரை ஏறியிருந்தது. “சாரே, நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று திரும்ப மதியமாகிவிடும். டீசல் செலவை முதலாளி கொடுக்க மாட்டார். நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்?” என்றார். அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இது ஒழுக்கக் குறைவைவிட நேரக் குறைவு. படகு நிலையத்தைத் தேடிப் போவதற்குப் பதிலாக, கழிவை உறிஞ்சும் படகு துறைதோறும் அந்த மூன்று மணி நேரத்தில் வந்து போனால் பாதிச் சிக்கல் தீரும். கட்டணத்தைத் தனியாக வாங்காமல் ஆண்டு உரிமத்தோடு சேர்த்துவிட்டால் கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் பணம் ஒன்றுதான். ஏமாற்றுவதில் லாபம் இருக்காது. எங்கள் அறிக்கையில் நான் மனமார நம்பிய பரிந்துரை இது. புகைப்படம் எடுக்க எதுவும் இல்லாத பரிந்துரை என்பதால் முகப்புப் பக்கங்களில் இடம் கிடைக்கவில்லை.

படகு உரிமையாளர்களை வில்லன்களாக்கிப் பேசுவது சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இருந்துகொண்டு செய்ய வசதியானது. ஒரு காலத்தில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் சாலைகள் வந்ததும் வேலையிழந்தன. 1990-களில் அவற்றின் மேல் மூங்கிலும் பாயும் வேய்ந்து அறை கட்டியதிலிருந்துதான் இந்தத் தொழிலே பிறந்தது. ஆணி அடிக்காமல் ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் தச்சர்களுக்கு அது மறுவாழ்வு. பிறகு வங்கிக் கடன் வாங்கிப் படகு கட்டியவர்கள் 2018 வெள்ளத்தில் ஒரு பருவத்தையும், கொரோனாவில் அதற்கு மேலும் இழந்தார்கள். ஜனவரியில் படகைக் குறை என்று அவர்களிடம் சொல்வது, ஆண்டு முழுவதும் காத்திருந்த சம்பளத்தைக் குறை என்று சொல்வதற்குச் சமம்.

அவர்களோடு நடந்த ஒரு கூட்டத்தில் பழவேற்காட்டைப் பற்றிச் சொன்னேன். அந்த ஏரியில் மீனவர்களிடம் பாடு என்ற முறை நெடுங்காலமாக இருக்கிறது. நல்ல மீன்பிடி இடங்களில் யார், எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று எனக்கு, நாளை உனக்கு. குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையும் படகுகளுக்கும் கதவு மூடிய மாதங்களில் இப்படி முறை வைத்தால் என்ன என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். “அது ஒரே கரையில் பிறந்தவர்களுக்குள் நடக்கும். இங்கே பல படகுகளின் முதலாளி யார் என்று ஓட்டுகிற எங்களுக்கே தெரியாது. முறையை மீறினால் யார் வீட்டு வாசலில் போய்ப் பேசுவது?” என்றார். சிரிப்பு எழுந்தது. என்னிடம் பதில் இல்லை. பொதுவளத்தைப் பகிர்வது பற்றி நான் படித்த கட்டுரைகளைவிட அந்தக் கேள்வி கூர்மையாக இருந்தது.

அந்த ஊர்களில் நான் அதிகம் பேசியது கரைவீட்டுப் பெண்களிடம். ஒரு பிற்பகல், வீட்டுப் படியில் நான்கு குடங்களையும் ஒரு நீல நிறக் கேனையும் சிறுபடகில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் சுற்றுலாவால் என்ன நன்மை என்று கேள்வித்தாளின்படி கேட்டேன். அவர் தலையைத் திருப்பாமலே, “முதலில் பிடியுங்கள்” என்று படகின் விளிம்பைக் காட்டினார். பிடித்தேன். கடைசிக் குடத்தை வைத்துவிட்டு, நல்ல தண்ணீர் வாங்க எவ்வளவு தூரம் துடுப்புப் போட வேண்டும் என்று சொன்னார். நான்கு பக்கமும் நீர். குடிக்க ஒரு வாய் இல்லை. கோடையில் இதே தண்ணீரில் பாத்திரம் துலக்கினால் கை அரிக்கிறது என்றார். எங்கள் பக்கமாக ஒரு படகு வீடு போயிற்று. மேல்தளத்தில் நின்ற ஓர் இளைஞர் அவரையும் குடங்களையும் படம் எடுத்தார். “எங்களை எடுக்கிறார்கள், எங்களுக்கு எதுவும் கொடுப்பதில்லை. கோபுரமெல்லாம் வேண்டாம் மோனே, ஒரு குழாய் போதும்.” கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

கேரளத்தில் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. பொறுப்புச் சுற்றுலா என்ற பெயரில் 2008-இல் குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய இடங்களில் முன்னோட்டம் தொடங்கினார்கள். குமரகம் கைகூடியது, ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பு அதற்காக விருதும் கொடுத்தது. விருதைவிட எனக்குப் பிடித்தது அதன் கணக்கு வழக்கு. குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவி அமைப்பின் பெண்கள் தரிசில் விளைவிக்கும் காய்கறியை விடுதிகள் வாங்க வேண்டும். விலை முன்கூட்டியே பேசித் தீர்க்கப்பட வேண்டும். இதைச் சொல்வது எளிது. விடுதிச் சமையலறைக்கு எல்லா நாளும் ஒரே அளவு கத்தரிக்காய் வேண்டும். செடிக்கு அந்த உறுதிமொழி கிடையாது. நடுவில் நின்று இந்தப் பொருத்தமின்மையைச் சமாளிக்கும் ஒரு கொள்முதல் குழுவும் ஊராட்சியின் தலையீடும் இருந்ததால்தான் அது நடந்தது. மற்ற ஊர்களில் இதைப் படியெடுக்க வருகிறவர்கள் காய்கறியை மட்டும் படியெடுக்கிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. காயல் தீவுகளில் கரையிலிருந்து 50 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்றது 2011-இன் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை. 2019-இல் அது 20 மீட்டராகச் சுருங்கியது. நெடியதுருத்துத் தீவில் விதியை மீறி எழுந்த சொகுசு விடுதியை உச்ச நீதிமன்றம் 2020-இல் இடிக்கச் சொன்னது. 2022-இல்தான் இடிப்பு தொடங்கியது. கட்டும்போது எந்த அலுவலகமும் பார்க்காத ஒன்றை இடிக்கும்போது நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

எனக்கு நம்பிக்கை தந்த இடம் வைக்கம். பெரியாரின் பெயரோடு நமக்கு அறிமுகமான அந்த ஊரின் துறையிலிருந்து தவணக்கடவுக்கு 2017 முதல் சூரிய ஒளியில் ஓடும் ஆதித்யா என்ற பயணிகள் படகு போய்வருகிறது. பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடைக்காரிகள், அலுவலகம் போகிறவர்கள். இரைச்சல் இல்லை, புகை இல்லை. முகம்மையிலிருந்து குமரகம் வந்த பயணிகள் படகு 2002-இல் கவிழ்ந்து 29 பேர் இறந்த காயல் இது. ஆள் எண்ணிக்கை அங்கே விளையாட்டுப் பேச்சல்ல. சுற்றுலாப் பயணிகளுக்கென்று புதிய படகுகள் விடுவதைவிட, ஊர்க்காரர்கள் போகும் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகுகளைக் கூட்டி, அவற்றில் பயணிகளையும் ஏற்றலாம் என்று எழுதினோம். ஊருக்கும் படகு கிடைக்கும். இந்தப் பரிந்துரை ஏற்கப்பட்டது, ‘நீண்டகாலத் திட்டங்கள்’ என்ற தலைப்பின் கீழ். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தத் தலைப்பின் பொருள் தெரியும்.

மாத அட்டவணை பின்னிணைப்புக்குப் போயிற்று. உறிஞ்சு படகுக்கு ஒன்று மட்டும் சோதனை அடிப்படையில் அனுமதி. கோபுரம் இரண்டு மீட்டர் உயரம் குறைந்து முதல் கட்டப் பணிகளிலேயே இடம்பிடித்தது.

குழாய்க்கு இடமே இல்லை. சுற்றுலா நிதியில் குடிநீர்த் திட்டம் போட முடியாது. அது வேறு துறை, வேறு கணக்குத் தலைப்பு. ஆனால் படகுத்துறையில் ‘பயணிகளுக்கான அடிப்படை வசதிகள்’ செய்யலாம். அப்படியானால் துறைக்குக் குடிநீர் வர வேண்டும். குழாய் வரப்பு வழியாகத்தான் வர முடியும், வரப்பின் மேல்தான் வீடுகள். அந்த அம்மாவின் படிக்கட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு துறையைக் குறித்தோம். வரைபடத்தில் அது வேறு எல்லாக் காரணங்களாலும் பொருத்தமான இடமாகவே இருந்தது. மதிப்பீட்டைச் சரிபார்த்த பொறியாளர், சின்னத் துறைக்கு இவ்வளவு பெரிய தொட்டி எதற்கு என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார். பருவத்தில் கூட்டம் அதிகம் என்று பதில் எழுதினேன். அவர் அந்த மாவட்டத்துக்காரர். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டார்.