மணப்பாட்டுக் குகையின் நல்ல தண்ணீர்

எங்கள் அம்மாவின் நேர்ச்சை ஏழு ஆண்டுகள் கழித்து, ஒரு தை மாதத்தில் நிறைவேறியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது என் தம்பி ஆழ்கடலில், தூண்டில் படகில் இருந்தான். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த நாட்கள் அவை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள எங்கள் ஊரில் பெண்கள் யாரும் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கோயில் முற்றத்திலேயே செபமாலையும் கையுமாகக் கிடந்தோம். நான்காம் நாள் அம்மா பீடத்தின் முன் முழங்காலில் நின்று, மகன் கால் கரையில் பட்டால் கோட்டாற்றில் தொடங்கி, கிழக்குக் கரையின் கோயில்களில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டே போய், தூத்துக்குடியில் தஸ்நேவிஸ் மாதாவின், அதாவது பனிமய மாதாவின், காலடியில் முடிப்பதாக நேர்ந்துகொண்டார். ஆறாம் நாள் இரவு, மகாராஷ்டிரக் கரையிலிருந்து, அறிமுகமில்லாத ஓர் எண்ணில் தம்பியின் குரல் கேட்டது. சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

உடனே புறப்பட்டிருக்கலாம். அம்மாதான் மறுத்துவிட்டார். அடுத்த வீட்டு மாமியின் மகன் வேறொரு படகில் போனவன். அவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கல்லறையில் வைத்து அழக்கூட வழியில்லாமல் அந்த வீடு கிடந்தது. அங்கே கண்ணீர் காயாமல் நாம் கார் பிடித்து நன்றி சொல்லப் போனால் மாதா முகம் கொடுக்க மாட்டாள் என்று அம்மா சொல்லிவிட்டார். பிறகு கொரோனா வந்தது. அதன் பிறகு அம்மாவின் மூட்டுவலி வந்தது. கடைசியில், கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் மாமியே எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, நேர்ச்சையை இவ்வளவு நாள் கடனாக வைத்திருக்கக் கூடாது என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். எழுந்து போகும்போது, "மணப்பாட்டுக் குகைத் தண்ணி கொஞ்சம் கொண்டுவா மக்களே" என்று என்னிடம் கேட்டார். அன்று இரவே காருக்குச் சொல்லிவிட்டோம்.

திங்கட்கிழமை விடியற்காலையில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் முதல் திரி ஏற்றினோம். அங்கேயே, 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறையில் அம்மா வெகுநேரம் நெற்றியை வைத்திருந்தார். கன்னியாகுமரியில் அலங்கார உபகார மாதா கோயிலின் நடுக்கோபுரம் 153 அடி உயரம். 153 மணி செபமாலையை நினைத்து அப்படிக் கட்டியிருக்கிறார்கள். யோவான் நற்செய்தியில் உயிர்த்த ஆண்டவரின் சொல்லுக்கு வலை போட்டபோது அகப்பட்ட பெரிய மீன்களும் 153தான். தம்பி அண்ணாந்து பார்த்துவிட்டு, இயந்திரம் நின்றுபோன படகில் கணக்கில்லாமல் செபமாலை சொன்னதைப் பற்றி, ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக எங்களிடம் வாய் திறந்தான். அதற்கு மேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

இடிந்தகரை லூர்து மாதா கோயிலில் வெயில் ஏறிவிட்டது. அணுஉலைக்கு எதிராக 2011 முதல் கரையோர மக்கள் திரண்டு உண்ணாவிரதம் இருந்தது இந்தக் கோயிலின் முன்தான். அந்த மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். அன்று இரவு உவரியில் தங்கினோம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அந்தோனியாரின் நாளில் உவரி எப்படியிருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். உப்பும் மிளகும் கையில் பிடித்த கூட்டம், நோயாளிகளைத் தாங்கிக்கொண்டு வந்த குடும்பங்கள், தங்கியிருந்து வேண்டிக்கொள்பவர்களின் பாய்களும் தூக்குவாளிகளும். காலராவில் தவித்த போர்த்துக்கீசியக் கப்பலில் தச்சர் ஒருவர் செதுக்கியதுதான் இங்குள்ள அந்தோனியார் சுரூபம் (சிலை) என்பது முன்னோர் சொல்லி வந்த வரலாறு. கடலில் தவித்தவர்களின் கையிலிருந்து வந்த புனிதர் என்பதால் எங்கள் வீட்டில் அவர்மேல் தனிப் பாசம். கப்பல் மாதா கோயிலையும் பார்த்தோம். தம்பி அதன் முகப்பை, கரையேற்றிய படகைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். வழியில் ஒரு திருத்தலத்தில், ஊர்ப் பெயர் வேண்டாம், காரை விட்டு இறங்கும் முன்பே நான்கைந்து பேர் மெழுகுதிரிக் கட்டுகளை அம்மாவின் மடியில் போட்டு, வெளியில் விற்கும் விலையைப் போல இரு மடங்கு கேட்டு நெருக்கினார்கள். கார் நிறுத்தியதற்கு இருவர் தனித்தனியே பணம் வாங்கினார்கள். பூசை நடக்கும்போதே கைபேசியை உயர்த்திப் படம் எடுப்பவர்கள் முன்னால் மறைத்து நின்றதால், அம்மாவால் அப்பம் உயர்த்தப்படுவதைப் பார்க்க முடியவில்லை. வயதானவர்கள் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே அத்தனை தூரம் வருகிறார்கள்!

உவரியிலிருந்து மணப்பாடு போகும் வழி முழுவதும் பனையும் உடைமரமும் செம்மணலும். உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி ஒரு சிப்பம் வாங்கிக்கொண்டோம். தூரத்திலேயே மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் தெரிந்தது. அம்மா காரிலேயே சிலுவை அடையாளம் போட ஆரம்பித்துவிட்டார். புயலில் சிக்கிப் பிழைத்த கப்பல் தலைவர் ஒருவர், முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி இந்தக் குன்றில் நாட்டினார் என்பதும், அந்த இடத்தில் 1581இல் கோயில் எழுந்தது என்பதும் நாங்கள் சிறுவயது முதல் கேட்டது. அதே கதையை, புயலில் பிழைத்த ஒருவன் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் குன்றின் மேல் நினைத்துப் பார்ப்பது வேறு. உள்ளே திருச்சிலுவையின் முன் அம்மா ஒரு திரியை ஏற்றினார். பிறகு பையிலிருந்து இன்னும் திரிகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் பற்றவைக்கும்போது எங்கள் தெருவில் திரும்பி வராத ஒவ்வொரு பையனின் பெயரையும் உதடசைத்துச் சொன்னார். மாமி மகனின் பெயரை மட்டும் எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். ஏழு ஆண்டுகள் அவர் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டதன் காரணம் எனக்கு அங்கேதான் முழுதாக விளங்கியது. எத்தனையோ தாய்மார்கள் அதே முற்றத்தில் அதே நேர்ச்சையைத்தான் நேர்ந்திருந்தார்கள்.

1542இல் இக்கரைக்கு வந்த சவேரியார் தங்கிச் செபித்த குகை, குன்றின் கடற்புறச் சரிவில் இருக்கிறது. படிகளைப் பார்த்ததும் அம்மா தயங்கினார். தம்பி ஒரு வார்த்தையும் பேசாமல் குனிந்து முதுகைக் காட்டினான். அவனுடைய தோளை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கியதை, பின்னால் செருப்புகளைச் சுமந்து வந்த நான் என் ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டேன். குகைக்குள் சின்னக் கிணறு. சில அடி தள்ளிக் கடல் அடித்துக்கொண்டிருக்கிறது. தம்பி மொண்டு கொடுத்த தண்ணீரை அம்மா முதலில் நாக்கில் தொட்டுப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தார். கடல்நீரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத அந்த நாட்களில் மகன் எதைக் குடித்தானோ என்று அப்போது துடித்தவர் அவர். நெஞ்சு நனையக் குடித்துவிட்டு அவன் முகத்தை ஈரக் கையால் துடைத்துவிட்டார். நான் புட்டியை நிரப்பிக்கொண்டேன்.

தூத்துக்குடியை அடையும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஏழுகடல்துறைக்கும் அடைக்கலமான தாயின் முன் அம்மா எதையும் கேட்கவில்லை. மணிலாவிலிருந்து 1555இல் கரையேறியதாகச் சொல்லப்படும் அந்தச் சுரூபத்தைப் பார்த்தபடி, "கொண்டுவந்துட்டேன்மா, இவன்தான்" என்று தம்பியின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். எங்கள் மூவருக்கும் அழுகை அடங்க வெகுநேரமாயிற்று. மாதாவே, உமக்கு நன்றி. தம்பி இன்றும் கடலுக்குத்தான் போகிறான், அவனையும் அவனோடு போகிற எல்லாரையும் உம் கையில் வைத்திருக்கிறோம்.

ஊர் திரும்பியதும், காரிலிருந்து பைகளை இறக்கும் முன்பே, அம்மா புட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். மாமி உள்ளங்கையில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். "கடலுக்குப் பக்கத்துல இருந்தும் உப்பே இல்லியே" என்று சொல்லி, மீதியை மூடி இறுக்கி, மகனின் படத்துக்கு முன்னால் வைத்தார்.