கைலி மினோக்கும் என் வைவாவும்

எம்.ஏ. ஆங்கிலம் கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் உண்டு, முடிவில் அதைப் பற்றி வைவா என்ற வாய்மொழித் தேர்வும் உண்டு. வேலூரில் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் நாவலை எடுத்தார்கள், மீதிப் பேர் கவிதையை. நான் ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக்கின் தொழில் வாழ்க்கை என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. பாட்டு, சினிமா, கிரிக்கெட் என்று தலைப்பு எடுக்க ஆசைப்பட்டுத் தயங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. 1968இல் மெல்பர்னில் பிறந்தார், 1986இல் ‘நெய்பர்ஸ்’ டிவி தொடரில் நடிக்க வந்தார், 1987இல் பாட வந்தார், 2005இல் மார்பகப் புற்றுநோய், அடுத்த ஆண்டே மீண்டும் மேடை. இப்படியே நாற்பது பக்கம். கைடு மேடம் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, “ஏம்மா, ஜாதகம் எழுதிக் கொண்டாந்திருக்கியா? கேள்வி எங்க?” என்றார். அழுகைதான் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

கேள்வி கிடைக்க ஒரு மாதம் ஆனது. ஆண்டு வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பாட்டை வெளியிட்ட கம்பெனி வாரியாகப் பிரித்து எழுதினேன். அப்போதுதான் கண் திறந்தது. முதல் கம்பெனியில் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் என்ற பாட்டு எழுதித் தயாரிக்கும் மூவர் கூட்டணி வைத்ததுதான் சட்டம். கைலி லண்டனில் காத்துக்கொண்டிருப்பதையே மறந்துவிட்டு, ‘ஐ ஷுட் பி ஸோ லக்கி’ பாட்டை நாற்பது நிமிடத்தில் எழுதியதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அது 1988இல் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த கம்பெனியில் கைலியே உட்கார்ந்து வரிகள் எழுதினார். ‘இம்பாசிபிள் பிரின்சஸ்’ ஆல்பம் பிரிட்டனில் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1999இல் பார்லஃபோன் கம்பெனிக்கு மாறினார். 2000இல் ‘ஸ்பின்னிங் அரவுண்ட்’ பிரிட்டனில் முதலிடம். அந்தப் பாட்டை எழுதியவர்களில் அமெரிக்கப் பாடகி பவுலா அப்துலும் ஒருவர், அதுவும் தனக்காக எழுதியது. அடுத்த ஆண்டு வந்த ‘கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்’ பாட்டை எழுதியவர்கள் கேத்தி டென்னிஸும் ராப் டேவிஸும்.

அப்படியென்றால், தானே எழுதியபோது கிடைக்காத வெற்றி அடுத்தவர் எழுதியதைப் பாடி எப்படிக் கிடைத்தது? தொடக்கத்தில் பாடியதும் அடுத்தவர் பாட்டுத்தானே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இதுதான் என் கேள்வி. எதைப் பாடுவது என்று தேர்ந்தெடுப்பதும் ஒரு கலைதான் என்று மீதிப் பக்கங்களை எழுதினேன். பிறப்பு, குடும்பம் எல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்தது.

பாட்டைக் கேட்காமல் பாட்டைப் பற்றி எழுதாதீர்கள். சிரிக்காதீர்கள், முதல் வரைவை நான் அப்படித்தான் எழுதினேன். கைலி பாடுகிற டான்ஸ்-பாப் பாணி என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறையை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எங்கள் மாமா மயானக் கொள்ளைக்குப் பம்பை அடிக்கிறவர். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் காதில் ‘கான்ட் கெட் யூ’ பாட்டு விழுந்தது. தொடையில் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “என்னம்மா இது, நாலு அடியும் ஒரே கனமா விழுது? எங்க அடின்னா ஏறும், எறங்கும். இது ஆடறவன் கால் தப்பாம இருக்க அடிக்கிற அடி” என்றார். என் வரையறையைக் கிழித்துப் போட்டுவிட்டு அதையே எழுதினேன். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினோம். அரை நிமிடத்துக்கு 63, நிமிடத்துக்கு 126. நீங்களும் எண்ணிப் பாருங்கள், கருவி எதுவும் வேண்டாம்.

தேதி விஷயத்தில் ஜாக்கிரதை. ‘இம்பாசிபிள் பிரின்சஸ்’ ஜப்பானில் 1997இல் வந்தது. இளவரசி டயானா இறந்ததால் பிரிட்டனில் தள்ளிப்போய், 1998இல் பெயரையே மாற்றி வெளியிட்டார்கள். எந்த நாடு என்று சேர்த்து எழுதினால்தான் ஆண்டு நிற்கும்.

இவ்வளவு தெரிந்தும் வைவாவில் அதே இடத்தில்தான் மாட்டினேன். 2001 பாட்டு “உலகம் பூரா நம்பர் ஒன்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் அதில் விரலை வைத்து, “உலகம்னா அமெரிக்காவும் உண்டாம்மா?” என்றார். பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம், அமெரிக்காவில் ஏழாம் இடம். தெரியும், ஆனால் வாயில் வரவில்லை. ஏப்ரல் வெயில், ஃபேன் காற்றே அனலாக அடிக்கிறது, முதுகெல்லாம் வியர்வை. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, “தப்பு சார், பிரிட்டன்னு இருக்கணும்” என்று ஒத்துக்கொண்டேன். சரி என்று தலையாட்டிவிட்டு டான்ஸ்-பாப்புக்குப் போனார். அங்கே மாமாவின் பதிலைச் சொன்னேன். மேஜையில் தட்டிக் காட்டச் சொன்னார், தட்டினேன். அதற்குப் பிறகு கேள்வியே இல்லை.

ரிசல்ட் வந்த அன்று மாமாவுக்கு ஃபோன் போட்டேன். “அந்தப் பொண்ணு இன்னும் பாடுதா?” என்று கேட்டார். பாடுது மாமா, 55ஐத் தொடுற வயசுல 2023ல ஒரு பாட்டு விட்டுச்சு, அதுக்கு கிராமி கூட வாங்கிடுச்சு என்றேன்.

“பாட்டு பேரு என்ன?”

“படம் படம்.”

“எந்தப் படம்?” என்றார் மாமா.