பெட்டிக்குள் இறங்கும் டிவி

ஜூன் 8, 2024, சனி

கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி வைக்கத் தோதான சுவர் ஒன்றுதான். மருதமலை தெரியும் ஜன்னலும் அதே சுவரில்தான். 55 அங்குல டிவி வந்ததிலிருந்து மலையைப் பார்க்க மாடிக்குப் போக வேண்டியிருக்கிறது. வேண்டும்போது எழுந்து, வேண்டாதபோது உள்ளே இறங்கிவிடும் அலமாரி செய்கிறேன் என்று வீட்டில் சொல்லி வெகுநாளாகிவிட்டது. இன்று அளவு நாடாவை எடுத்தேன்.

டிவி 123 செ.மீ. அகலம், 71 செ.மீ. உயரம், 16 கிலோ எடை. ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து மூன்றடி. அதற்கு மேல் அலமாரி போகக் கூடாது. ஆக 90 செ.மீ. பெட்டிக்குள்ளிருந்து டிவி 80 செ.மீ. எழ வேண்டும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. தூக்குவதற்கு லீனியர் ஆக்சுவேட்டர் போடலாம். மோட்டார் திருகாணியைச் சுற்ற, தண்டு நீளும். ஆனால் 80 செ.மீ. நீளும் தண்டு அடங்குவதற்குக் குழாயும் அவ்வளவு நீளம் வேண்டும். மோட்டாரும் இருமுனைக் கண்ணிகளும் சேர்ந்தால் பெட்டியை விட ஆக்சுவேட்டர் உயரமாகிவிடும். ஆயத்தமாக விற்கும் டிவி லிஃப்ட் ஒன்றின் விலையை மனைவியிடம் காட்டினேன். பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜூன் 12, புதன்

வழி மில் கிடங்கிலேயே இருந்தது. பஞ்சுப் பொதி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டை மதியம் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் தண்டு பொதியை நேராகத் தூக்குவதில்லை. நடுச்சட்டம் ஒன்றைத்தான் தூக்குகிறது. அந்தச் சட்டத்தின் தலையில் ஓர் உருளை. அதன் மேல் சங்கிலி ஏறி இறங்குகிறது. சங்கிலியின் ஒரு நுனி வண்டியின் உடம்போடு கட்டியது, மறுநுனி பொதியைத் தாங்கும் முள்ளோடு. சட்டம் ஓரடி எழுந்தால் முள் இரண்டடி எழும்.

அப்படியானால் எனக்கு 40 செ.மீ. ஆக்சுவேட்டர் போதும். பாதி தூரத்துக்கு இரண்டு மடங்கு பாரம் சுமக்க வேண்டும், அவ்வளவுதான். டிவியும் அதைத் தாங்கும் சட்டமும் 21 கிலோ, இரட்டித்தால் 42. நடுச்சட்டம் 4 கிலோ சேர்த்து 46. 1000 நியூட்டன் ஆக்சுவேட்டர் ஏறத்தாழ 100 கிலோ தூக்கும். உராய்வுக்கும் இடம் விட்டாயிற்று.

ஜூன் 16, ஞாயிறு

கொள்முதல். 24 வோல்ட் ஆக்சுவேட்டர், அதற்கான பவர் சப்ளை, சட்டங்கள் குண்டுகளின் மேல் நழுவி ஏற 18 அங்குல டிராயர் சேனல் நான்கு, சைக்கிள் சங்கிலி இரண்டு. சட்டத்துக்கான இரும்பு, உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. சங்கிலி உருளைகளைக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து, உள்ளே 6201 பேரிங் அடித்து வாங்கினேன். எதற்கு என்று கேட்டார் பட்டறைக்காரர். டிவி தூக்க என்றேன். கைக்குக் கனமாக இருக்கிறதா என்றார்.

ஜூன் 22, சனி

ஆசாரி வந்தார். 19 மி.மீ. கனத்தில், ஈரம் தாங்கும் 710 முத்திரை பிளைவுட் இறங்கியது. 8 அடிக்கு 4 அடிப் பலகையில் 4 அடி என்பது 122 செ.மீ.; டிவியோ 123. ஒரு சென்டிமீட்டர் குறைவதால் முன்முகத்தைக் குறுக்கே எடுக்க முடியவில்லை. நீளவாக்கில் போட்டதில் பலகைக்கு ஒன்றுதான் தேறுகிறது. மிச்சத்தைப் பார்த்து அவருக்கே மனம் வரவில்லை. இரண்டு முக்காலிக்கு ஆகும் என்று ஓரமாகச் சாத்தி வைத்திருக்கிறார்.

மூடியைப் பற்றித்தான் நெடுநேரம் பேச்சு. பின்புறம் கீல். டிவி எழும்போது தலையிலுள்ள சிறு சக்கரம் மூடியைத் தள்ளித் திறக்கும். இறங்கும்போது மூடி தன் எடையிலேயே கூடவே படியும். ஒரே நிபந்தனை, மூடி செங்குத்தைத் தாண்டிப் பின்னால் சாய்ந்துவிடக் கூடாது. அதற்கு உள்ளே சிறு சங்கிலி கட்டியாயிற்று.

“தம்பி, மேலே என்ன வைப்பீர்கள்?” என்றார் ஆசாரி. ஒன்றும் வைக்க மாட்டோம் என்றேன். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஃபிரிட்ஜ் மேல் மாத்திரை டப்பா, செருப்பு ஸ்டாண்டின் மேல் கரண்ட் பில்லும் சாவியும், தையல் மிஷின் மேல் மடிக்காத துணி. “மூடியைச் சரிவாகப் போட்டுவிடுகிறேன், கணக்குப்பிள்ளை மேசை மாதிரி. வைத்தாலும் நிற்காது.” எனக்கு மோட்டார் கணக்கு வந்ததே தவிர, இது தோன்றவில்லை. முன்னோக்கி ஒன்றரை அங்குலச் சரிவு என்று முடிவாயிற்று.

ஜூன் 29, சனி

வேலை இல்லை. டிவி ஸ்டூல் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றக் கூடாது என்று வீடே தடை போட்டுவிட்டது. டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம். 7 ரன்னில் இந்தியா வென்றது. சூரியகுமார் எல்லைக்கோட்டில் பிடித்த அந்தக் கேட்சைப் பையன் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 6, சனி

பெட்டி நிற்கிறது. சட்டங்களை மாட்டி, டிவிக்குப் பதில் அரிசி மூட்டை ஒன்றைக் கட்டி ஓட்டினோம். பாதி உயரம் வரை வெண்ணெய் போல வந்தது. அதற்கு மேல் முனகல். பிறகு வலது பக்கச் சேனல் திக்கித் திக்கி ஏறியது.

நான் மோட்டாரைச் சந்தேகித்து மீட்டர் எடுக்கப் போனேன். ஆசாரி ஒரு மெல்லிய ரீப்பர் குச்சியை எடுத்தார். இரண்டு சேனலுக்கும் நடுவே கீழே வைத்துப் பென்சிலால் ஒரு கோடு. அதே குச்சியை மேலே கொண்டுபோய் வைத்தார். கோடு சேனலின் விளிம்பைத் தாண்டி ஒரு நகக்கனம் வெளியே நின்றது. டேப்பில் வைத்தால் ஒன்றரை மி.மீ. மேலே சேனல்கள் நெருங்கியிருக்கின்றன. குண்டுகள் அங்கே இறுகுகின்றன. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து போன மாதத் தாள்களைக் கேட்டு வாங்கினார். பெட்டியின் பக்கப்பலகைகள் மேலே உள்வாங்கியிருந்ததால் வலது சேனலின் கீழ்த் திருகைத் தளர்த்தி, தாளை மடித்து மடித்து அடியில் செருகி, கீழ் இடைவெளியை மேலுக்குச் சமமாக்கினார். நடுத் திருகுக்குப் பாதி மடிப்பு. பிறகு டிவி சட்டத்தின் இரண்டு தோள்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. சங்கிலி நுனியிலிருந்த போல்ட்டை அரைச் சுற்று திருப்பினேன். ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்தது.

மூட்டை சத்தமில்லாமல் ஏறியது. தாள் ஈரத்தில் ஊறிவிடாதா என்று கேட்டதற்கு, சாரல் முடிந்ததும் தகடு வைத்துவிடலாம் என்றார். செய்வார்.

ஜூலை 13, சனி

மின்வேலை என் பங்கு. ஆக்சுவேட்டரின் இரண்டு கம்பிகளையும் மாற்றிக் கொடுத்தால் திசை மாறும். இரு முனைகளிலும் தானாக நிறுத்தும் லிமிட் சுவிட்ச் உள்ளேயே இருக்கிறது. ரிமோட் வைக்கச் சொல்லிப் பையன் நச்சரிக்கிறான். மறுத்துவிட்டேன். அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும், விரலை எடுத்தால் நிற்கும் சுவிட்ச்தான் போட்டிருக்கிறேன். அழுத்துகிறவர் கண் மூடியின் மேல் இருக்கட்டும். ஏற முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகும்; அதுவரை நிற்கப் பொறுமை இல்லாதவர் டிவி பார்க்க வேண்டாம்.

சங்கிலியில் இன்னொரு நன்மையும் உண்டு. அது இழுக்கும், தள்ளாது. இறங்கும்போது நடுவே ஏதாவது மாட்டினால் அதன் மேல் விழுவது 21 கிலோதான், மோட்டாரின் 100 கிலோ பலம் அல்ல. டிவி அப்படியே நிற்க, சங்கிலி தொய்ந்துவிடும். ஆனால் அந்த நிலையில் மாட்டியதை உருவினால் டிவி தொய்வு அளவுக்குத் தடாலென்று இறங்கும். முதலில் மேலே ஏற்று, பிறகு எடு என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாலையில் கரண்ட் போனது. டிவி பாதி உயரத்தில் நின்றது. ஒரு நூல்கூட இறங்கவில்லை. திருகாணியின் புரி நெருக்கமானது. மேலிருந்து எடை அமுக்கினாலும் சுற்றாது.

ஜூலை 21, ஞாயிறு

முன்முகத்தின் திறப்புக்குப் பிரம்புப் பின்னல் அடித்தாயிற்று. உள்ளிருக்கும் செட்டாப் பாக்ஸுக்கு ரிமோட் ஒளி போகிறது, வெப்பம் வெளியேறுகிறது. பல்லியும் போகிறது. சேனலில் சிக்காமலிருக்க உள்ளே கொசுவலை அடிக்க வேண்டும். எழுந்து நிற்கும் டிவியின் நடுப்பகுதி தரையிலிருந்து 128 செ.மீ. உயரத்தில் வருவதால் சற்று முன்னால் சாய்த்திருக்கிறேன்.

எண்பதுகளில் மரப்பெட்டியோடு வந்த டிவிகளுக்கு இழுத்து மூடும் கதவு இருந்தது, சிலவற்றுக்குப் பூட்டும். அம்மா இந்த மூடியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டது, “பூட்டு எங்கே?”

சரிவில் யாரும் எதுவும் வைக்கவில்லை. சரிவுக்கும் ஜன்னல் கட்டைக்கும் நடுவே இருக்கும் இரண்டு விரல் இடுக்கில் மட்டும் நேற்றைய செய்தித்தாள் செருகியிருக்கிறது.

மைத்துனர் வந்து, ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, தம் வீட்டு 75 அங்குலத்துக்கும் ஒன்று வேண்டும் என்றார். அது அரை ஆளுக்கு மேல் உயரம், 95 செ.மீ.; பெட்டியே நான்கடியை நெருங்கும். படம் அதற்கு மேலேதான் தொடங்கும். சோபாவைப் பரணில் போட்டுக்கொள்ளுங்கள், செய்து தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.