மணிக்கட்டில் நாடி பார்க்கும் பட்டை: இதுவரை செய்து பார்த்தது

கையில் கட்டிக்கொள்கிற நாடித்துடிப்புப் பட்டை ஒன்றைச் செய்து வருகிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் அது காட்டும் எண்ணை நம்பலாம். நடக்கும்போது பெரும்பாலும் நம்பலாம். பாத்திரம் தேய்க்கும்போதும் தட்டச்சு செய்யும்போதும் இன்னும் நம்ப முடியாது. எது பலன் தந்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு எல்இடி தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது, திரும்பி வருவதைப் பக்கத்திலுள்ள போட்டோடயோடு (ஒளியை மின்சாரமாக மாற்றும் உணரி) அளக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த இடத்தில் ரத்தம் சற்றுக் கூடும். ரத்தம் ஒளியை உறிஞ்சுவதால் திரும்பி வருவது அந்த அளவு குறையும். ஹெர்ட்ஸ்மன் என்ற ஆய்வாளர் 1930களிலேயே இப்படித்தான் விரல்களின் ரத்த ஓட்டத்தைப் பதிவு செய்தார். சிக்கல் என்னவென்றால், விரல் நுனியில் இந்த ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் சில சதவீதம் இருக்கும். மணிக்கட்டில் பல நேரம் ஒரு சதவீதம்கூட வராது. பட்டை இம்மி நகர்ந்தாலும் மிச்ச ஒளி அதைவிடப் பல மடங்கு ஆடிவிடும்.

முதலில் எல்லோரும் வாங்கும் மேக்ஸ்30102 சென்சாரில் ஆரம்பித்தேன். அதில் 660 நானோமீட்டர் சிவப்பும் 880 நானோமீட்டர் அகச்சிவப்பும் உண்டு. விரலை வைத்தால் அலை அழகாக வருகிறது, இறங்கும் பக்கத்தில் வரும் சின்ன மேடுகூடத் தெரிகிறது. மணிக்கட்டில் வைத்தால் எல்லாம் கலங்கிவிடுகிறது. சிவப்பும் அகச்சிவப்பும் ஆழமாக இறங்குவதால் தசைநாண்களின் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) அசைவையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருகின்றன. அதனால் பச்சை எல்இடியும் உள்ள மேக்ஸ்30101க்கு மாறினேன். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் பச்சையை நன்றாக உறிஞ்சும், பச்சை ஒளி மேல்தோலைத் தாண்டி அதிக ஆழம் போகாது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கைக்கடிகாரங்களின் அடியில் பச்சை மின்னுவது இதனால்தான்.

ஆனால் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சையை உறிஞ்சுகிறது. தோல் கருமையாக இருந்தால் திரும்பி வரும் ஒளி குறையும். நம் வீடுகளிலேயே எத்தனை நிறங்கள் இருக்கின்றன! ஒருவர் கையில் சரிசெய்த எல்இடி மின்னோட்டம் இன்னொருவருக்குப் பொருந்தாது. இந்த சென்சார் ஒளியின் அளவை 18 பிட் எண்ணாகத் தருகிறது, அதாவது உச்ச எண் 262143. சராசரி அளவு அதில் பாதியை ஒட்டி நிற்கும்படி மின்னோட்டத்தை ஏற்றி இறக்க நிரலில் ஒரு சின்னப் பகுதி எழுதினேன். என்னைவிட நிறம் கூடிய, குறைந்த பலர் கையில் கட்டிப் பார்க்காமல் எந்தப் பட்டையையும் துல்லியமானது என்று சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நிரலைவிட அதிகப் பலன் கொடுத்தது பெட்டியின் வடிவம். எல்இடிக்கும் போட்டோடயோடுக்கும் நடுவே கறுப்புத் தடுப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஒளி தோலைத் தொடாமல் மேல்மூடி வழியாகவே குறுக்கே போய்விடும். சென்சார் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து சுமார் ஒரு மில்லிமீட்டர் வெளியே துருத்தியிருந்தால் தோலோடு நன்றாகப் படிகிறது. சுற்றிலும் மெத்தென்ற கறுப்பு ஃபோம் வளையம் ஒட்டினேன், வெளி வெளிச்சம் உள்ளே வருவது நின்றது. பட்டைக்குத் தையல் கடையில் விற்கும் அகலமான எலாஸ்டிக்கே போதும். லூசாக இருந்தால் இடைவெளி விழும், ரொம்ப இறுக்கினால் ரத்தம் பிதுங்கி ஒதுங்கித் துடிப்பே மங்கிவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலில் தடம் விழாத அளவுக்குக் கட்டினால் சரியாக வருகிறது. கை சில்லென்று இருந்தால் எப்படிக் கட்டினாலும் அலை சிறுக்கும், கொஞ்சம் சூடேறிய பிறகுதான் அளக்க வேண்டும்.

அடுத்து நேரக் கணக்கு. நொடிக்கு 100 முறை அளக்கச் சொன்னால் சிப் சரியாக 100 முறைதான் அளக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் உள் கடிகாரம் பிசகி நொடிக்கு 98 முறைதான் அளந்தால், அதை 100 என்று நம்பும் கணக்கு நிமிடத்துக்கு 75 என்ற உண்மையான துடிப்பை 76.5 என்று காட்டும். எவ்வளவு நல்ல ஃபில்டர் (வேண்டாத அலைகளை நீக்கும் கணக்கு) போட்டாலும் இந்தப் பிழை போகாது. வந்து சேரும் அளவீடுகளை, பட்டையை இயக்கும் சின்னக் கணினிச் சிப்பான ஈஎஸ்பி32இன் துல்லியமான கிரிஸ்டல் கடிகாரத்தோடு ஒப்பிட்டு உண்மையான வேகத்தைக் கண்டுபிடித்து, கணக்கில் அதையே போடுகிறேன்.

விளக்குகளையும் கவனிக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல பல்புகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். சென்சார் நொடிக்கு 99 முறை பார்த்தால், அந்த மினுக்கம் நொடிக்கு ஒரு அலையாக, அதாவது நிமிடத்துக்கு 60 துடிப்பாக வேஷம் போட்டு வரும்! சிப்புக்குள்ளேயே வெளி ஒளியைக் கழிக்கும் வசதி இருந்தாலும் நான் இன்னொரு காப்பும் வைத்தேன்: நொடிக்கு 400 முறை அளந்து நான்கு நான்காகச் சராசரி எடுப்பது. நான்கு அளவீடு சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு முழு மினுக்கம், சராசரியில் அது கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

அப்புறம் நடை. சாதாரண நடையில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வைக்கிறோம், இதயமும் அந்தப் பக்கத்திலேயே துடிக்கும். பட்டை அடிகளை எண்ணிவிட்டு அதையே துடிப்பு என்று சொல்வது இங்கேதான். கையின் அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டர் சேர்த்து, அதன் மூன்று அச்சுகளையும் ஆதாரமாகக் கொண்டு, தன்னைத்தானே சரிசெய்துகொண்டு அசைவைக் கழிக்கும் தகவமைப்பு ஃபில்டர் போட்டிருக்கிறேன். மிச்சத்தை எட்டு நொடித் துண்டுகளாக எஃப்எஃப்டி செய்கிறேன், அதாவது அலையில் எந்தெந்த வேகத் துடிப்புகள் கலந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கிறேன். எட்டு நொடித் துண்டில் அப்படிப் பிரியும் ஒவ்வொரு கட்டமும் நிமிடத்துக்கு 7.5 துடிப்பு அகலம். நடையும் துடிப்பும் அந்த அகலத்துக்குள் நெருங்கிவிட்டால் இரண்டையும் பிரிப்பது மிகக் கடினம். அப்போது என் பட்டை எண்ணைக் காட்டாமல் ஒரு கோடு மட்டும் காட்டும். சந்தேகமான எண்ணை உறுதியானது போலக் காட்டுவது, கட்டியிருப்பவருக்குச் செய்யும் துரோகம்.

சரிபார்க்க, இதயத்தின் மின் அலையை அளக்கும், மார்பில் கட்டும் ஈசிஜி பட்டை ஒன்றை வாங்கினேன். இந்த வகைப் பட்டைகள் பல, ஒவ்வொரு துடிப்பின் இடைவெளியையும் புளூடூத்தில் 1/1024 நொடி அலகில் அனுப்புகின்றன, என்னுடையதும் அப்படித்தான். இரண்டையும் ஒரே ஈஎஸ்பி32 வாங்கிப் பதிவு செய்கிறது. இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் சொன்னபடி, இரண்டின் வித்தியாசத்தைச் சராசரிக்கு எதிரே புள்ளிகளாகப் போட்டால்தான் எங்கே கூட்டிக் காட்டுகிறது, எங்கே குறைக்கிறது என்று தெரியும். ஐந்து துடிப்பு அல்லது பத்து சதவீதம், இவற்றில் எது பெரிதோ அதற்குள் நிற்பதை எல்லையாக வைத்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது புள்ளிகள் பூஜ்யத்தை ஒட்டியே விழுகின்றன. நடையில் பெரும்பாலானவை எல்லைக்குள் வருகின்றன, படி ஏற ஆரம்பிக்கும் முதல் சில நொடிகள் மட்டும் பின்தங்குகின்றன.

பாத்திரம் தேய்க்கும்போது ஏன் தோற்கிறது என்பதும் புரிந்துவிட்டது. விரல்களை மடக்கும்போது மணிக்கட்டின் தசைநாண்கள் சென்சாருக்கு அடியிலேயே நகர்கின்றன. கை அதிகம் ஆடாததால் ஆக்சிலரோமீட்டருக்கு அது சரியாகத் தெரிவதில்லை. கழிக்க ஆதாரமே இல்லை. அதனால் இதே சர்க்யூட் பலகையை முழங்கைக்கு மேலே, புஜத்தில் கட்டும்படி புதுப் பெட்டி வரைந்துகொண்டிருக்கிறேன். விரல் அசைவு அங்கே எட்டாது. இரண்டாவது போட்டோடயோடு ஒன்றைச் சற்றுத் தள்ளி வைக்கவும் இடம் விட்டிருக்கிறேன். ஒன்று தோலைவிட்டு எழும்பினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பெட்டி அச்சாகி வந்ததும் அதே சமையலறைச் சோதனையைத் திரும்ப ஓட்டி, மார்புப் பட்டையோடு ஒப்பிட்ட படங்களைப் போடுகிறேன்.