20ஆம் தேதியும் காலண்டர் தாளும்

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு மாதம் என்பதே மூன்று தேதிகள்தான். 7ஆம் தேதி பிடித்த வரியைக் கட்டும் டி.டி.எஸ்., 11ஆம் தேதி விற்பனைக் கணக்கு காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. கட்டித் தாக்கல் செய்யும் 3பி. தி.நகர் ஆபீஸில் என் தலையில் நாற்பது க்ளையன்ட்கள். அதில் பாதிப் பேருக்கு 19ஆம் தேதி ராத்திரி பதினோரு மணிக்குத்தான் ஞானம் பிறக்கும். பில்லை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். கசங்கின பில், பாதி எழுத்துமேல் கைநிழல் வேறு.

ரெண்டு வருஷம் முன்னால், ஆடிட் ரிப்போர்ட் வேலை கழுத்தை நெரிக்கும் ஒரு செப்டம்பர் காலை. குரோம்பேட்டையில் ரயில் ஏறினேன். கிண்டி தாண்டி அடையாற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது நெஞ்சு திடீரென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. ஹார்ட் அட்டாக், முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்திலும் மனசு என்ன கணக்குப் போட்டது தெரியுமா? இன்னும் மூணு ஃபைலில் சார் கையெழுத்து வாங்கவில்லையே என்று.

லேடீஸ் பெட்டியில் கதவோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா என்னைக் கையைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "இன்னாத்துக்கு இழுத்துக்கினே கீற? வெளிய உடு மா. உடு, உடு" என்று முதுகில் தட்டினார். மாம்பலம் வருவதற்குள் கொஞ்சம் அடங்கிவிட்டது.

ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது பதற்றத்தில் வருவது, பேனிக் அட்டாக் என்றார். பயத்தில் நாம் மேல்மூச்சு வாங்க வாங்க ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையுமாம். விரல் மரத்துப்போனது அதனால்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக மெதுவாகும், அதனால் விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும் என்று சொன்னார். பூக்காரம்மா சொன்ன அதே மருந்துதான், இங்கே ஃபீஸ் மட்டும் எக்ஸ்ட்ரா.

அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டார். ஐந்து என்றேன். உண்மையில் ஆறு. கடைசி காபி சாயங்காலம் ஆறு மணிக்கு. காபியில் இருக்கும் காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்றார். ஆறு மணிக் காபியில் பாதி, ராத்திரி பதினோரு மணிக்கும் எனக்குள் முழித்துக்கொண்டிருக்கிறது. வருஷாவருஷம் சொத்து மதிப்பைக் குறைத்து டிப்ரிசியேஷன் போடுகிறவளுக்கு இது புரியாமல் போகுமா? மூணு மணிக்கு மேல் காபி கிடையாது என்று நிறுத்தினேன். முதல் வாரம் தலைவலியில் வீட்டில் எல்லோரையும் கடித்துக் குதறினேன். பிறகு பழகிவிட்டது.

உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். யோகா வகுப்புக்கு மூணு மாசப் பணம் கட்டி ஒன்பது நாள் போனேன். தியானத்துக்கு ஒரு ஆப் போட்டேன். "நீங்கள் இன்று அமைதியாக இருக்கவில்லை" என்று அது நோட்டிஃபிகேஷன் அனுப்பி அனுப்பியே எனக்கு டென்ஷன் ஏற்றியது. எடுத்துவிட்டேன்.

எனக்கு ஒட்டியது மளிகைக்கடையில் கொடுத்த தினசரி காலண்டர். காலையில் கிழிக்கிற தாளைக் குப்பையில் போடாமல் எடுத்துவைப்பேன், பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்து மேடையைத் துடைத்துவிட்டு அந்தத் தாளில் நாளைக்கு என்ன என்ன என்று எழுதுவேன். 'பெயிண்ட் கடை – பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கணும். ஹோட்டல்காரர் – ஓ.டி.பி. வரும் போன் யார் கையில்? சின்னவன் ஷூ. அம்மா கண் டாக்டர்.' அவ்வளவுதான், அஞ்சு நிமிஷம். தாளை மடித்து ஹேண்ட்பேக்கில் போட்டுவிட்டால், ரெண்டு மணிக்கு எழுந்து 'பெயிண்ட் கடை' என்று உட்காருவதில்லை. பிறகுதான் தெரிந்தது, 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து இதையே சோதித்திருக்கிறார்கள். செய்து முடித்ததை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கியிருக்கிறார்கள். விவரமாக எழுத எழுத இன்னும் சீக்கிரமாம். ஒன்பது நிமிஷம் ஒரு பெரிய விஷயமா என்று வீட்டுக்காரர் கேட்டார். கடைசி நாள் ஜி.எஸ்.டி. போர்டல் தொங்கும்போது ஒன்பது நிமிஷம் எவ்வளவு என்று அவருக்கென்ன தெரியும்.

தாளின் முன்பக்கத்தை ராத்திரியில் பார்ப்பதில்லை. துலாம் ராசிக்கு 'கவலை' என்று போட்டிருந்தால் எழுதினது அத்தனையும் வீண்.

ஒன்பது மணிக்கு மேல் போனும் மிக்ஸி பக்கத்தில் சார்ஜில் கிடக்கும், படுக்கையறைக்குள் வராது. 18, 19, 20 தேதிகளில் மட்டும் விலக்கு. அந்த மூணு நாளும் நான் சொல்வதைக் கேட்டு நடக்காதீர்கள்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நேராகப் போய்ச் சிக்காமல், வெங்கட்நாராயணா சாலை நடேசன் பூங்காவில் இருபது நிமிஷம் சுற்றிவிட்டுப் போகிறேன். வாரத்துக்கு 150 நிமிஷமாவது கொஞ்சம் வேகமான நடை மாதிரி உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு ஆறு நாளில் 120தான் வருகிறது. பாக்கி முப்பதை கேரி ஃபார்வர்டு செய்கிறேன்.

இதெல்லாம் என்னைப் போல வேலை அலுப்பில் இருப்பவர்களுக்குச் சரி. பக்கத்து சீட்டுப் பெண் ஒரு மாசமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். அவளிடம் போய்க் காலண்டர் தாளை நீட்டினால் நான் மனுஷியே இல்லை. அவளை 14416க்கு போன் போட வைத்தேன். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். "என்னக்கா, பைத்தியம்னு நினைச்சிடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் டயல் செய்தாள். பேசி முடித்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இப்போது மருந்து சாப்பிடுகிறாள். போன வாரம் கேன்டீன் சாம்பார் சரியில்லை என்று சண்டை போட்டாள். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பூக்காரம்மாவிடம் தினம் ஒரு முழம் வாங்குகிறேன். அவருக்கும் தேதிகள் உண்டு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் என்ன விலைக்குப் பூ கிடைக்குமோ என்று கோயம்பேட்டை நினைத்தே தூக்கம் போய்விடுமாம். நேற்று அளந்து கொடுத்துவிட்டுக் கேட்டார்: "உன் பையிலதான் காலண்டர் காயிதம் வெச்சுக்கினு கீறியே. அடுத்த வாரம் முகூர்த்தம் என்னிக்குன்னு பாத்து சொல்லேன்." கிழித்த தாளில் அடுத்த வாரம் எங்கே இருக்கும்? வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். மூணு முகூர்த்தம். மூணு தேதியையும் அன்றைய தாளின் பின்னால், பெயிண்ட் கடைக்குக் கீழே எழுதி வைத்தேன்.