கல்லுக்கு அடியில் எங்கள் ஊர்ப் பெயர்

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் பூண்டுத் தோட்டத்தை ஒட்டி ஓர் ஓடை இறங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதில் இறங்கிப் பெரிய கல் ஒன்றைப் புரட்டினேன். அடியில் சல்லிக் கற்களுக்கு நடுவே வலை ஒன்று, வண்டல் படிந்து பழுப்பாகத் தொங்கியது. பக்கத்துப் பொந்திலிருந்து ஒரு புழு தலையை நீட்டியது. நல்ல நீளத் தலை. என் விரல் பட்டதும் பின்பக்கமாகவே நழுவி உள்ளே போய்விட்டது.

"சின்ன வயசுல இதத்தாம்மா தூண்டில்ல கோப்போம்" என்றார் அப்பா.

அது கேடிஸ் பூச்சியின் புழு. பட்டாம்பூச்சிக்கு மிக நெருங்கிய சொந்தம். பட்டுப்புழு போலவே வாயிலிருந்து நூல் விடும். ஆனால் தண்ணீருக்குள் இருந்துகொண்டே நூற்று, ஈரக் கல்லிலேயே ஒட்டுகிறது! அந்த நூலின் புரதத்தில் பாஸ்பேட் இருக்கிறது, கால்சியம் அதோடு சேரும்போது இறுகிக்கொள்கிறது. வலையை விரித்துவிட்டு, ஓடை கொண்டுவரும் பாசித் துணுக்கையும் இலைத் தூளையும் பிடித்துத் தின்னும்.

இந்தக் குடும்பத்தில் எங்கள் மலையின் பெயரையே சுமக்கும் இனம் ஒன்று உண்டு: ஸ்டெனோசைக்கி கொடைக்கானலென்சிஸ். 1980இல் ஸ்வெக்மன், காஃப்மன் என்ற இருவர் வைத்த பெயர். இதன் சொந்தபந்தங்களில் பெரும்பாலானவை இமயமலை, சீனா, ஜப்பான் பக்கம்தான். ஜப்பானின் நாகானோவில் டென்ரியு ஆற்றில் வாழும் இதன் சொந்தக்காரப் புழுக்களைக் குளிர்காலத்தில் பிடித்து, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். இங்கேயோ, ஊர்ப் பெயர் கொண்ட பூச்சியை எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

அதுதான் மனதைக் குடைகிறது. மருந்து அடித்த டேங்கை இத்தனை வருடம் இந்த ஓடையில்தான் அலசினோம். நானும் அலசியிருக்கிறேன். மழைக்கு எங்கள் சரிவிலிருந்து கரைந்து வரும் மண் அந்த வலையைத்தானே அடைக்கும்? இப்போது ஓடையை விட்டுத் தள்ளி, தோட்டத்தின் மேல் மூலையில் அலசுகிறோம். சரிவின் கீழ் ஓரத்தில் ஆறடிக்குப் புல்லை வெட்டாமல் விட்டிருக்கிறோம். அந்த ஆறடியில் ஒரு வரிசைப் பூண்டு போகும், போகட்டும்.

கல்லை முன்பு கிடந்த பக்கமாகவே திரும்ப வைத்தேன். வலை பாதி கிழிந்திருந்தது.

"விடும்மா, ராவுக்குள்ள திரும்பக் கட்டிப்புடும்" என்று அப்பா கரையேறினார்.