ஆய்வு மானியத்தைச் செலவழிக்கப் பட்ட பாடு

நேற்றுத்தான் கடைசி வவுச்சருக்கும் காசு போட்டார்கள். அடுத்த சுற்றுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிற நேரம், அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் ஆய்வு மானியம் எடுத்தவர்களுக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்கும், மற்றப் பாதிதான் என்னை அலைய வைத்தது.

என்னுடைய ஆய்வு மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சனம் குடிக்கிற, மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழுகிற பீலித் தண்ணீரைப் பற்றியது. மழைக்கு முன், மழைக்குள், மழை விட்ட பிறகு என்று ஒரே பீலியில் தண்ணீர் எடுத்து மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 100 மில்லிலீற்றர் குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைத் தரம். விண்ணப்பம், மதிப்பாய்வு, பீடச் சபை, தோட்ட நிர்வாகத்தின் அனுமதி எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தன. ஆனால் ஒப்புதல் கடிதம் வந்ததும் காசு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கடிதம் வேறு, கணக்கு இலக்கம் வேறு. அந்த இலக்கம் திறக்கும்வரை ஒரு போத்தல்கூட வாங்க முடியாது.

எனக்கு அது திறந்தது ஜூலை முடிகிற நேரம். அரசாங்க நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது; திறைசேரிக் காசு துண்டு துண்டாகத்தான் வரும், அதில் சம்பளமும் மின்சாரக் கட்டணமும் போன பிறகுதான் ஆய்வுக்கு. மழை அதற்காகக் காத்திருக்குமா? மலையகத்தின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் பிடித்துவிடும், செப்டெம்பரோடு தணிந்துவிடும். மழைக்கு முந்திய மாதிரி அந்த வருடம் எடுக்கவே முடியவில்லை. ஆகவே திட்டம் எழுதும்போதே செலவை இரண்டு நிதியாண்டுகளுக்குப் பிரித்துப் போடுங்கள், மிச்சக் காசை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னவர் டிசம்பரில் அந்த மேசையில் இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அப்புறம் கொட்டேஷன். பக்டீரியா வளர்க்கும் ஊடகத்துக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றார்கள் நிதி அலுவலகத்தில். நான் கேட்ட வகைக்கு இங்கே ஒரே ஒரு முகவர்தான். "மூன்று இல்லாமல் பைல் நகராது மிஸ்" என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர், தலையைக்கூட நிமிர்த்தாமல். வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். வழி இருந்தது: தயாரிக்கும் கம்பனி கொடுக்கிற ஏக முகவர் கடிதம், அதோடு துறைத் தலைவரின் சிபாரிசு. இதை எனக்குச் சொன்னவர் பக்கத்துத் துறையில் இருக்கிற ஒரு அக்கா, அந்த அலுவலகத்தில் இருக்கிற யாரும் அல்ல. கடிதம் வந்து சேர்வதற்குள் கொட்டேஷன் செல்லுபடியாகும் காலம் முடிந்து, புது விலை மானியத்தில் ஒதுக்கியதைத் தாண்டிப் போய்விட்டது. 2022 இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதமாகும்போது 360ஐத் தொட்டதே, அந்த அடியை வாங்கிய கம்பனிகள் இப்போது விலையை நீண்ட நாள் பிடித்து வைப்பதில்லை. கொட்டேஷன் கேட்கும்போதே 90 நாள் செல்லுபடி வேண்டும் என்று கேளுங்கள். தராவிட்டால், மற்ற எல்லாக் காகிதமும் தயாரான பிறகு கடைசியாக அதை எடுங்கள்.

ஐஸ் பெட்டி வவுச்சரும் திரும்பி வந்தது. பொருட்பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் பதிந்தோம் என்ற இலக்கம் பில்லின் பின்பக்கத்தில் இல்லையாம். களஞ்சியப் பொறுப்பாளர் லீவில், அடுத்து போயா விடுமுறை, அடுத்து வார இறுதி. பொருளை வாங்கிய அன்றே பதிந்து, பக்க இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆனால் என்னை உண்மையில் நோகடித்தது ஆட்டோக் காசு. எடுத்த தண்ணீரை ஐஸில் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்குப் போட வேண்டும். பல்கலைக்கழக வாகனம் கேட்ட நாளில் கிடைக்கவில்லை. தோட்டத்து மேல் பிரிவில் இருக்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, அதாவது மேல் கணக்கு லயத்துக்கு, பஸ் கிடையாது. விடியற்காலையில் மழைக்குள் எங்களை ஏற்றிக்கொண்டு, பாதை உடைந்த இடத்தில் தானே இறங்கி ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கி வந்தவர் அந்த ஆட்டோ அண்ணன். பில் புத்தகம் அவரிடம் எங்கே இருக்கும்? மகளுடைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று தமிழில் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அந்தத் தாள் பென்சிலால் குறுக்குக் கோடு போடப்பட்டுத் திரும்பி வந்தது. தமிழில் இருக்கிறதாம், ஏற்க முடியாதாம். அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரையில் தமிழும் அரசகரும மொழி. நேரே உதவி நிதியாளரிடம் போனேன். அவர் தாளை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். "எல்லா விபரமும் இருக்கிறதே" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார், அவ்வளவுதான். அன்றைக்கே மூன்று மொழியிலும் ஒரு பற்றுச்சீட்டுப் படிவம் அடித்தேன். அதன்பிறகு ஒரு தாளும் திரும்பவில்லை. இப்போது அதே அலுவலகத்தில் மற்ற ஆய்வாளர்களுக்கும் அதைத்தான் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கிறார்கள்! இதில் எனக்கு உள்ளபடியே பெருமை.

டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது என்றும் எண்ண வேண்டாம். கணக்கு மூடும் வேலைக்காக மாத நடுவிலேயே வவுச்சர் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். என் காசில் ஒரு பகுதி அப்படியே நின்றுபோனது. அதை "பயன்படுத்தப்படாத நிதி" என்று அறிக்கையில் போட்டு, ஆய்வாளர்கள் செலவழிப்பதில்லை என்று கூட்டத்தில் சொன்னபோது வயிறு எரிந்தது. இந்த நாடு ஆய்வுக்குச் செலவிடுவதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். 2012 இல் விரிவுரையாளர்கள் அதே உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்குக் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூடுதலாகக் கேட்பது நியாயம்தான். ஆனால் கொடுத்த கொஞ்சத்தையும் உரிய மாதத்தில் செலவழிக்க விடுங்கள் என்றும் நாம் சேர்ந்து கேட்க வேண்டும், ஏனென்றால் மிச்சம் என்று எழுதப்படுகிற அந்தத் தொகை பரிசோதிக்காமல் விட்ட பீலிகளின் தொகை, அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் இன்றைக்கும் குடிக்கிறார்கள்.

மழைக்கு முந்திய மாதிரியை அடுத்த ஏப்ரலில் எடுக்கப் போகிறேன், புதுக் கணக்கு இலக்கத்துக்கான கடிதத்தை இப்போதே கொடுத்தாயிற்று. படிவம் தேவையானவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். வாகன இலக்கத்துக்கு மட்டும் தனிக் கட்டம் விடுங்கள், அது இல்லாவிட்டால் கணக்காய்வில் கேள்வி வரும்.